முன்னாள் எங்கே வரும்?

சான்றிதழைப் படித்த பிறகுதான் தனக்கு விவாகரத்து ஆகிவிட்டது சபீஹாவுக்குத் தெரிந்தது.

'படைவீரர் ஷாகுலின் முன்னாள் மனைவி' என்று அதில் அடித்திருந்தது.

பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஷாகுல் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "எப்ப ஆச்சு? எனக்குச் சொல்லவே இல்லையே?"

"சிரிக்காதீங்க. அஞ்சு மணிக்குள்ள கொடுக்கணும்."

முன்னாள் படைவீரர் குடும்பத்துக்கென்று ஒதுக்கிய தட்டச்சர் வேலை. இன்றுதான் கடைசி நாள். இந்தச் சான்றிதழ் இல்லாமல் இங்கே, தாம்பரம் உதவி மையத்தில், விண்ணப்பத்தைத் தொடக்கூட மாட்டார்கள்.

தட்டச்சு மெஷின் முன்னால் இருந்தவரிடம் ஓடினாள். "சார், முன்னாள்ங்கிறது இவருக்கு. எனக்கு இல்ல."

"அவ்ளோதானே? தூக்கிட்டா போச்சு."

ஒற்றை விரலால் பத்து நிமிடம் தட்டினார்.

கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி வாங்கிப் படித்தார். "'படைவீரர் ஷாகுலின் மனைவி.' அப்ப இவர் இன்னும் சர்வீஸ்லதான் இருக்காரா? லீவு லெட்டர் எங்க?"

ஷாகுல் பழக்கதோஷத்தில் விறைத்து நின்றார். "ரிடையர் ஆயிட்டேன் சார்!"

"இதுல அப்படி இல்லையே."

சபீஹா மறுபடி ஓடினாள்.

"இன்னாம்மா உன்னோட பேஜாரு! இரு, வேற வார்த்தையே போட்டுடறேன்."

'மறைந்த படைவீரர் ஷாகுலின் மனைவி.'

ஷாகுல் அதைப் படித்துவிட்டு மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். "சபீஹா, அந்த விவாகரத்தே தேவலை. உயிராவது மிஞ்சிச்சு."

மணி நாலு ஐம்பது.

அதுவரை யாரிடமும் குரல் உயர்த்தியிராத சபீஹா, மெஷின் முன்னால் இருந்தவரிடம், "எழுந்திருங்க சார்" என்றாள்.

அவர் எழுந்துகொண்டார். அவள் உட்கார்ந்தாள். பத்து விரலும் பறந்தன.

'முன்னாள் படைவீரர் ஷாகுலின் மனைவி.'

அதிகாரி கையெழுத்துப் போட்டார். முத்திரை விழுந்தது. விண்ணப்பத்தையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

சபீஹா பெருமூச்சு விட்டாள். பிறகு, இத்தனை நேரம் ஒற்றை விரலால் தட்டியவரைப் பார்த்தாள். "எப்படி சார் உங்களுக்கு இந்த வேலை கொடுத்தாங்க?"

அவர் வாயைத் திறப்பதற்குள், எதிர் டீக்கடைப் பொன்னியம்மாள் வாசலில் வந்து நின்று அவரைப் பார்த்துக் கத்தினாள்.

"யோவ், பால் பொங்கி வழியுது! இங்க டைப்பிஸ்ட் வேலை காலியா கீதுன்னு நீ பாட்டுக்கு வந்து குந்திகினா, கடையில டீ யாரு போடறது?"