மஞ்சள் காரின் செவுள்

மூச்சு விடும் உரிமை முதலில் யாருக்கு என்ற கேள்விக்கு நாகரிக உலகம் இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கிறது. விடை கண்டுபிடித்த பெருமை, திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் சாலையில், இரண்டு கன்டெய்னர் யார்டுகளுக்கு நடுவே நிற்கும் ஒரு தகரக் கொட்டகையைச் சேரும். வாசலில் பித்தளைப் பலகை பளபளக்கும்: 'பழம்பெரும் பந்தயக் கார்கள் பேணும் பெருமன்றம்'.

பலகையைப் பளபளக்க வைப்பவள் எல்சி. உள்ளே நிற்கும் கார்களைத் துடைப்பவளும் அவள்தான். அவள் புருஷன் சவரிநாதனுக்கு அங்கேயே டிங்கர் வேலை. எப்பேர்ப்பட்ட நசுங்கலையும் தட்டி நிமிர்த்திவிடுவான். நிமிராதது அவன் மூச்சு மட்டும்தான். கொஞ்ச நேரம் சுத்தியல் பிடித்தால் உட்கார்ந்துவிட வேண்டும். நெஞ்சுக்குள்ளிருந்து விசில் சத்தம் வரும்.

"மாமு, குக்கரு விசில் வந்துச்சு, எறக்கிடு" என்பான் பெயின்ட் அடிக்கும் ரஷீது. சவரிநாதன் சிரிப்பான். சிரிப்புக்குத் தனியாக இன்னொரு விசில் வரும்.

எல்சிக்குச் சிரிப்பு வராது. கொட்டகையின் பின்சுவரில் முன்பு ஒரு ஜன்னல் இருந்தது. கடல் காற்றில் உப்பு, உப்பில் துரு, துரு கார்களுக்கு ஆகாது என்று மன்றம் ஒருமனதாகத் தீர்மானித்து அதைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டது. அன்று முதல் பெயின்ட் நெடியும் பெட்ரோல் புகையும் வெளியே போக வழியில்லாமல் மன்றத்தின் ஆயுட்கால உறுப்பினர்களாகிவிட்டன. அந்த ஜன்னலைத் திரும்பத் திறக்க வேண்டும். எல்சிக்கு இந்த உலகத்தில் வேறு கோரிக்கை எதுவும் இல்லை.

கேட்டுப் பெற முடியாத இடமா அது? தலைவர் திருமலை இளகிய மனசுக்காரர். ஒரு கார் இருமினால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. மாதாந்திரக் கூட்டத்தில் விவாதப் பொருளும் எப்போதும் ஒன்றுதான்: 'சுவாசம்'.

அன்றைய கூட்டத்தில் காற்றுவழி ஆலோசகர் டெரிக் எழுந்தார். சீமைக்குப் போய்க் கார்களுக்கு மட்டும் வைத்தியம் படித்துவந்த மேதை.

"நண்பர்களே, காரின் அழகைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது எங்கே மூச்சு விடுகிறது என்று பாருங்கள்."

எல்லோரும் பார்த்தார்கள். சிவப்புக் காருக்கு எஞ்சின் முன்னால். அதனால் சுறாவைப் போல அகன்ற வாய், வாய் நிறையக் கம்பி ஜாலி. நீலக் காருக்கு பானெட்டின் மேல் ஒரு புடைப்பு, புடைப்பில் ஒரு துளை. மேலே போகும் குளிர்ந்த காற்றைப் பிடித்து எஞ்சினுக்கு ஊட்டும். வெள்ளைக் குட்டிக் காருக்கு ரேடியேட்டரே கிடையாது. தண்ணீர் குடிக்காத சாமியார். காற்றாலேயே சூடு தணியும். மஞ்சள் காருக்கு எஞ்சின் சீட்டுக்குப் பின்னால். ஆகவே இரண்டு விலாவிலும் நீளமான பிளவுகள். இடது பிளவு எஞ்சின் இழுக்கும் மூச்சுக்கு, வலது பிளவு ரேடியேட்டருக்கு. டெரிக் அதற்கு ஒரு நீளமான பெயர் சொன்னார். ராயபுரத்தில் மீன் வலைகளுக்கு நடுவே வளர்ந்த சவரிநாதன், செவுள் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தான்.

"மெட்ராஸ் வெயிலுக்கு இந்தச் செவுள் போதாது. இரண்டு விரல் அகலப்படுத்த வேண்டும்" என்றார் டெரிக்.

"பிறந்த உடம்பில் கை வைப்பதா? வரலாறு நம்மை மன்னிக்குமா?" என்று ஓர் உறுப்பினர் தழுதழுத்தார்.

"ஓர் உயிர் மூச்சுத் திணறுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் மனிதாபிமானமா?" என்று டெரிக் கர்ஜித்தார்.

கொட்டகையே நிசப்தமானது. பின்னாலிருந்து மட்டும் ஒரு விசில் சத்தம்.

"யாருப்பா அது? முக்கியமான விஷயம் பேசிட்டிருக்கோம்ல" என்றார் திருமலை. சவரிநாதன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். எல்சி துடைக்கும் துணியைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"சார், அந்த ஜன்னல தொறந்து வுட்டுடு சார். எங்கூட்டுக்காரருக்கு மூச்சு வாங்கிகினே கீது."

திருமலையின் கண்கள் கலங்கின. "எல்சி, நீ சொல்றது எனக்குப் புரியுதும்மா. ஆனா ஜன்னலைத் திறந்தா உப்புக்காத்து வரும். இந்த வண்டிங்க பாவம், வாய் திறந்து சொல்லுமா?"

"அவரும்தான் சார் வாயத் தொறந்து சொல்ல முடியாம கீறாரு."

இதை மன்றம் ஆழ்ந்து பரிசீலித்தது. பலனாக ஒரு ராட்சத ஃபேன் வந்து இறங்கியது. நின்ற இடத்தில் எஞ்சினை ஓட்டிப் பார்க்கும்போது காருக்கு எதிர்க்காற்று கிடைக்காது அல்லவா, அதற்கு. பக்கத்தில் பலகை: 'ஃபேனுக்கும் காருக்கும் நடுவில் எவரும் நிற்கலாகாது. எஞ்சின் ஓடும்போது மட்டும் ஃபேன் ஓட வேண்டும்.'

ரஷீது சட்டம் தெரிந்தவன். மன்றத்தார் கிளம்பியதும் மஞ்சள் காரை ஸ்டார்ட் செய்தான். ஃபேன் சுழன்றது. "வா மாமு, சட்டப்படி காத்து வாங்கு" என்று சவரிநாதனை இழுத்து உட்கார வைத்தான். முன்னாலிருந்து காற்று வந்தது. பின்னாலிருந்து கார் புகை வந்தது. அடைத்த கொட்டகையில் இரண்டும் கலந்து சவரிநாதன் விழுந்து விழுந்து இருமினான்.

"நிறுத்துடா பேமானி! ஆளயே காலி பண்ணிடுவ போல" என்று எல்சி ஓடிவந்து சாவியைத் திருகினாள்.

இப்படியிருக்கையில் ஊர்வலம் வந்தது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கார்கள் அணிவகுத்துப் போகும். மஞ்சள் காரில் ஒரு பெரிய மனிதர் அமர்ந்து கையசைப்பார். 'வட சென்னையின் மூச்சு' என்று பேனர் அடித்தாகிவிட்டது.

முந்தின நாள் சாயங்காலம் திருமலை எல்சியைக் கூப்பிட்டார். "இன்னைக்குக் காத்து திரும்பியிருக்கு, அனல்மின் நிலையச் சாம்பல் பறக்குது. செவுளுக்குள்ள ஒரு தூசி போகக் கூடாது. இந்த வண்டியை வண்டின்னு நினைக்காதே. உன் புருஷனைப் பார்த்துக்கிற மாதிரி பார்த்துக்கணும்."

"செரி சார்" என்றாள் எல்சி.

அவர்கள் குடியிருக்கும் தெருவில் காற்று திரும்பினால் எல்லா வீட்டிலும் ஒரே காரியம்தான் நடக்கும். பழைய புடவையைக் கிழித்து, தண்ணீரில் நனைத்து, ஜன்னலில் இறுக்கிக் கட்டுவார்கள். விடிந்ததும் பிழிந்தால் மை மாதிரி இறங்கும். அந்த மை புருஷனின் நெஞ்சுக்குள் போகவில்லை என்ற நிம்மதியில் அன்றைய பொழுது ஓடும். எல்சி தலைவர் சொன்னபடியே செய்தாள். மஞ்சள் காரின் இரண்டு செவுளுக்கும் ஈரப் புடவைத் துணியை மடித்து, வெளியே தெரியாமல் கம்பி ஜாலிக்கு உள்பக்கம் செருகிக் கட்டினாள். மறுநாள் காலையில் சாலையில் இன்னும் புழுதி இருக்குமே என்று அவிழ்க்காமலும் விட்டாள். மறுபடி ஒரு சொம்பு தண்ணீர்கூடத் தெளித்தாள்.

ஊர்வலம் கிளம்பியது. மேளம், மாலை, பட்டாசு. திருவொற்றியூர் தாண்டும்போது மஞ்சள் கார் லேசாக இருமியது. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டதும் பலமாக இருமியது. சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிப் போய் ஒட்டிக்கொண்டது. பின்னாலிருந்து ஆவி 'புஸ்' என்று கிளம்ப, பெரிய மனிதர் கையசைப்பதை நிறுத்தாமலே குதித்து ஓடினார்.

"மூச்சு நின்னுடுச்சு! மூச்சு நின்னுடுச்சு!" என்று டெரிக் அலறினார். சாலையில் போன ஆம்புலன்ஸ் ஒன்று நின்று விசாரித்துவிட்டுப் போனது. செவுளுக்குள் கையை விட்டு டெரிக் வெளியே இழுத்தது, கருப்பாகக் கனத்த ஒரு துணி.

அவசரக் கூட்டம் கூடியது. எல்சி நடுவில் நிறுத்தப்பட்டாள்.

"கழுத்தை நெரிச்சுட்டியேம்மா! எதுக்கு இப்படிப் பண்ணே?" என்றார் திருமலை.

"நீதான சார் சொன்ன, புருசன் மாதிரி பாத்துக்கன்னு. எங்க வூட்ல அவருக்கு இப்டித்தான் கட்டுவோம்."

"உன் புருஷன் இதுல மூச்சு விடுவாரா?"

"இது இல்லாங்காட்டி எதுல வுடுவாரு? கொஞ்சமா வுடுவாரு. பழகிப்போச்சு. ஒங்க வண்டிக்குத்தான் பழகல."

அந்தத் துணியை மன்றம் தூக்கி எறிந்துவிடவில்லை. அறிவியல் மனப்பான்மை கொண்ட மன்றம் அல்லவா? கண்ணாடிக் குடுவையில் போட்டுச் சோதனைக்கு அனுப்பியது. முடிவை டெரிக் படித்தபோது குரல் நடுங்கியது. சாம்பல், கந்தகம், இன்னும் பெயர் வாயில் நுழையாத பலதும் அதில் இருந்தன. இங்கே வீசுவது எந்த எஞ்சினும் இழுக்கத் தகுந்த காற்று அல்ல. இதில் ஒரு காரை வைத்திருப்பது கொலைக்குச் சமம்.

"ஐயோ, இத்தனை நாள் இதுங்களை இதிலயா வெச்சிருந்தோம்?" என்று திருமலை முகத்தை மூடிக்கொண்டார். கார்களை உடனே ஏற்காட்டுக்குக் கொண்டுபோவதெனத் தீர்மானம் நிறைவேறியது. அங்கே மலைக்காற்று இருக்கிறது. கொட்டகையும் காலியாக இருக்காது. பழுதான உருப்படிகள் இங்கேயே வந்து தட்டி நிமிர்த்தி, பெயின்ட் அடித்துக்கொண்டு போகும்.

எல்சி மெதுவாகக் கேட்டாள்: "அதான் வண்டிலாம் போவுதே சார், இப்பனா அந்த ஜன்னல தொறந்து வுடலாமில்ல?"

திருமலை பதறிப்போனார். "ரிப்போர்ட்டைக் கேட்டேல்ல? வெளிக்காத்து விஷம்மா! அதை உள்ளே விடச் சொல்றியே, உங்க ஆரோக்கியம் என்ன ஆகிறது?"

இப்பேர்ப்பட்ட அக்கறையை எல்சி எதிர்பார்க்கவில்லை.

கார்களை ஏற்றிப் போகப் பெரிய லாரி வந்தது. சாய்வுப் பலகையைப் போட்டார்கள். ரஷீது சாவியைக் கையில் எடுத்தான். டெரிக் பாய்ந்து பிடுங்கினார்.

"ஸ்டார்ட் பண்ணாதே! இந்தக் காத்தை இனிமே ஒரு மூச்சுகூட அது இழுக்கக் கூடாது. தள்ளி ஏத்துங்க!"

ரஷீது ஒரு பக்கம், சவரிநாதன் ஒரு பக்கம், எல்சி பின்னால். மூன்று பேரும் தள்ளினார்கள். மஞ்சள் கார் வாய் பேசாமல், மூச்சு விடாமல், சொகுசாகப் பலகையில் ஏறியது. பாதியில் சவரிநாதனின் விசில் கிளம்பியது. கை வழுக்கியது. கார் ஒரு சாண் பின்னால் வந்தது. எல்சி தன் உடம்பை முட்டுக் கொடுத்து நிறுத்தினாள்.

"விட்டுடாதீங்க!" என்று திருமலை கீழேயிருந்து உற்சாகப்படுத்தினார். முகத்தில் வெளிநாட்டு முகமூடி போட்டிருந்தார். "அவ்வளவுதான், இன்னும் கொஞ்சம்தான்! சவரி, மூச்சை நல்லா இழுத்துப் பிடிச்சுத் தள்ளு!"

சவரிநாதனிடமிருந்து விசில்தான் வந்தது. காரைத் தோளில் தாங்கியபடியே எல்சிதான் திரும்பிப் பார்த்தாள்.

"எந்தக் காத்த சார்?"