ஸ்டே சாரின் நாலாம் மாடி

கிளம்பு என்று சொன்னால் உட்கார்ந்துகொள்ளும் ஓர் இனம் உண்டு. சொல்லாமல் விட்டிருந்தால் அதுபாட்டுக்குக் கிளம்பிப் போயிருக்கும். சொன்னதுதான் தப்பு. இந்த இனத்தை நீங்கள் பஸ்ஸில் பார்த்திருப்பீர்கள், வரிசையில் பார்த்திருப்பீர்கள், உங்கள் அலுவலகத்திலேயே பார்த்திருப்பீர்கள். ஆனால் அது முழு வளர்ச்சி அடைந்து, கையில் கோர்ட் உத்தரவோடு உலவுவதைப் பார்க்க வேண்டுமானால், குடியிருப்புச் சங்கத்து வீடுகளுக்குத்தான் வரவேண்டும். நாலாம் மாடியில் இருக்கிறார் ஸ்டே சார்.

ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து, ஊர்ப்பட்ட பேரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டு ஓய்வுபெற்றவர். சங்கத்துக்குச் சொந்தமான அந்த வீட்டை அவர் திட்டாத நாள் கிடையாது. கூரை ஒழுகுகிறது, குழாயில் தண்ணீர் ஏறவில்லை, ஜன்னலைச் சாத்தினால் கதவு திறந்துகொள்கிறது, லிஃப்ட் என்ற பெயரில் ஒரு பொந்து இருக்கிறதே தவிர லிஃப்ட் இல்லை, இதில் மனுஷன் இருப்பானா என்று சங்கச் செயலாளரைக் கண்ட இடத்திலெல்லாம் மடக்கி மடக்கிக் கேட்டார். முட்டிவலியோடு நாலு மாடி ஏறும் மனைவிக்காகத் தரைத்தள வீடு வேண்டுமென்று மனு மேல் மனுவாகப் போட்டவரும் அவரே. செயலாளர் நல்ல மனிதர். பக்கத்தில் சங்கம் புதிதாகக் கட்டிய கட்டடத்தில் தரைத்தளத்திலேயே ஒரு வீட்டை ஒதுக்கினார். பழைய கட்டடத்தை இடிக்கப் போவதால் எல்லாருக்கும் அனுப்பிய அதே அறிவிப்பை இவருக்கும் அனுப்பினார்: ‘தங்கள் குடியிருப்பு உரிமை இத்துடன் முடிவுக்கு வருகிறது. வீட்டைக் காலி செய்யவும்.’

காலி செய்யவும்! போதாதா?

“என்னையா? என்னையா காலி பண்ணச் சொல்றான்?”

“நீங்க கேட்ட வீடுதானேங்க குடுத்திருக்காங்க?” என்றார் மனைவி.

“குடுத்தது சரி. போன்னு சொல்ல இவன் யாரு?”

அன்று மாலையே வக்கீல். அடுத்த வாரம் இடைக்காலத் தடை: வழக்கு முடியும்வரை உள்ளது உள்ளபடியே இருக்க வேண்டும். அந்த நிமிஷத்திலிருந்து வீடு சொர்க்கமாகிவிட்டது. காற்று என்றால் இதுவல்லவா காற்று! கூரை ஒழுகினால் என்ன, வாளி எதற்கு இருக்கிறது? உத்தரவை நகலெடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, கதவில் ஒட்டி, பால்காரரிலிருந்து மீட்டர் பார்க்க வருபவர் வரை ஒவ்வொருவரையும் நிறுத்திப் படிக்கவைத்தார். சௌக்கியமா என்று யாராவது கேட்டால், “ஸ்டே வாங்கியாச்சு” என்பதே பதில். பட்டப்பெயர் அப்போது வந்ததுதான். ஒழுகலை அடைக்க வந்த கொத்தனாரை, “உள்ளது உள்ளபடியே இருக்கணும். சிமெண்ட்ல கை வச்சா கோர்ட் அவமதிப்பு” என்று திருப்பி அனுப்பினார். ஒழுகாத மூலைக்குக் கட்டிலை நகர்த்தப் பார்த்த மனைவிக்கும் அதே சட்டம்தான். அப்படி ஒரு கட்டில் இருப்பதே நீதிபதிக்குத் தெரியாது, பாவம்.

மற்ற வீடுகளெல்லாம் காலியாகிவிட்டன. அந்த அம்மாள் மட்டும் காய்கறிப் பையோடு ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். மாதக் கடைசிக்குள் வராவிட்டால் தரைத்தள வீடு அடுத்துக் காத்திருப்பவருக்குப் போய்விடும் என்று செயலாளர் வேறு சொல்லிவிட்டார். கணவரிடம் கெஞ்சிப் பார்த்தார், அழுதும் பார்த்தார். அதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. ஸ்டே சாருக்கும் மனசு கேட்கவில்லை. மனைவியின் முட்டிக்குத் தைலம் தேய்த்துவிட்டார். தேய்த்துக்கொண்டே, “கேஸ் ஜெயிச்சதும் போயிடலாம்மா” என்றார்.

மறுநாள் அந்த அம்மாள் செயலாளரின் அறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் தனியாகப் பேசினார். மாலையில் செயலாளர் மூச்சிரைக்க நாலு மாடி ஏறி வந்தார்.

“சார், உள்ளது உள்ளபடியே இருக்கணும்னு உத்தரவு வாங்கியிருக்கீங்க இல்ல?”

“ஆமா. அதுக்கென்ன?”

“அது உங்களுக்கும் சேத்துத்தான். கேஸ் முடியற வரைக்கும் நீங்க இந்த வீட்டை விட்டுப் போகக் கூடாது. போனா நாங்க கோர்ட்டுக்குப் போவோம்.”

ஸ்டே சாரின் காது சிவந்தது.

“போகக் கூடாதா? என் உத்தரவை வச்சு என்னையே கட்டிப்போடறீங்களா?”

“ஆமாங்க, நமக்கு எதுக்கு வம்பு? இங்கயே இருந்துடலாம்” என்றார் மனைவி, அடுப்பைப் பார்த்தபடி.

வந்ததே கோபம்! வக்கீலைப் பிடித்து, வழக்கை வாபஸ் வாங்கி, தானே ஒரு பக்கம் பிடித்துக் கட்டிலை நாலு மாடியும் இறக்கி, மாதம் முடிவதற்குள் தரைத்தள வீட்டில் குடியேறிவிட்டார். இப்போது வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு, “தடுக்க முடிஞ்சுதா அவனால?” என்று வருவோர் போவோரிடமெல்லாம் கேட்கிறார். உள்ளே காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் மனைவி, “உங்களை யாரால தடுக்க முடியும்?” என்கிறார்.

நமக்கெல்லாம் இந்தக் கிறுக்கு கிடையாது என்று சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில், “பரண்ல ஏறிச் சுத்தம் பண்றதெல்லாம் உங்களால முடியாது, விட்டுடுங்க” என்று சொன்னார்களே, நீங்களும் உடனே ஏணியைத் தூக்கிக்கொண்டு போய் ஏறினீர்களே, அப்போது கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவரின் முகத்தைப் பார்த்தீர்களா?