அழிக்கப்பட்ட நாற்பத்தொரு சாமிகள்

"கடையை மூடச் சொல்லி எழுதுங்க சார்."

இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் வாயில் வரவிடாதே என்று, வேலைக்குச் சேர்ந்த அன்றே சத்யப்ரியாவிடம் அதிகாரி அசோக்குமார் சொல்லியிருந்தார். மதுக்கடைகளைக் கணினி வரைபடத்தில் குறிப்பதுதான் அவள் வேலை. மூடுவது அல்ல.

அவனியாபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளி. அதன் வாசலுக்கும் கடைக்கும் முப்பத்தெட்டு மீட்டர். விதிப்படி ஐம்பதாவது இருக்க வேண்டும். வீட்டிலேயே முதல் பட்டதாரியான சத்யப்ரியா படித்த பள்ளி அது. இந்த வருஷம் குடிகாரர்களுக்குப் பயந்து எட்டாம் வகுப்பில் நான்கு பேர் நின்றுவிட்டார்கள்.

"வாசல்ல இருந்துதான அளந்த?" என்றார் அசோக்குமார்.

"ஆமா சார்."

மறுவாரம் பள்ளி வாசலைச் செங்கல் வைத்து அடைத்து, பின்பக்கம் புது கேட் போட்டார்கள். தூரம் எழுபத்தொன்று ஆனது. பஸ்ஸை விட்டு இறங்கும் பிள்ளைகள் இப்போது கடையை உரசிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

சத்யப்ரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோயிலுக்கும் அதே ஐம்பதுதானே? ஜிபிஎஸ் கருவியோடு மூன்று நாள் வெயிலில் நடந்து, கண்ணில் பட்ட சாமியையெல்லாம் குறித்தாள். வரைபடம் முழுக்கச் சிவப்பு. அந்தப் பகுதியில் கடை வைக்க ஓர் அடி இடமில்லை.

"என்னம்மா இம்புட்டுச் சாமி?"

"நான் வைக்கல சார்."

"பதிவு இல்லாததெல்லாம் கோயிலே இல்ல. அழி."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடாம. ஆளாளுக்கு ஒரு கல்ல நட்டுட்டுச் சாமிங்கிறானுக. எழுதித் தரவா?"

"தாங்க சார்."

தந்தார். நாற்பத்தொரு சாமிகளை அழித்தாள். அப்போதும் பதிவான கோயில் ஒன்று, கடைக்கு நாற்பத்து நான்கு மீட்டரில் அசையாமல் நின்றது.

"சரி, கடையை மாத்தித் தொலைவோம். விதிப்படி காலி இடம் எங்க இருக்கு?"

"பதிவான கோயில், பள்ளிக்கூடமெல்லாம் போக ஒண்ணே ஒண்ணுதான் சார்." வரைபடத்தை நீட்டினாள். "பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

"கம்ப்யூட்டரை விடவா எனக்குத் தெரியும்?"

பார்க்காமலேயே போட்டார். மாலைத் தபாலில் அது மேலிடத்துக்குப் போனது.

போன வாரமே எழுதி வைத்திருந்த ராஜினாமாக் கடிதத்தை சத்யப்ரியா மேசையில் வைத்தாள். "வாரேன் சார்" என்றாள். திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனாள்.

வரைபடத்தின் பிரதியைக் கோப்பில் வைக்க எடுத்த அலுவலக உதவியாளர் விருமாண்டி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதையே உற்றுப் பார்த்தார்.

"சார், தெருக்குத்துக்குன்னு ஒங்க புது வீட்டு வாசல்ல ஒரு பிள்ளையாரு வச்சீகளே, அதுக்குப் பக்கத்துக் காலி எடம்ல இது?"