நடு அடுக்கில் என்ன இருக்கிறது

"இனிக்கும்னு சொல்லுது, சரி. ஏன் சொல்லுதுன்னு கேட்டா என்ன பண்ணுவ?" என்றார் முதலாளி ரவ்ஷன்.

முலாம்பழத்தின் படத்தைக் காட்டினால் இனிக்குமா இனிக்காதா என்று சொல்லும் நரம்பு வலை என்ற கணினி நிரலைப் பழக்கியவள் மொஹிராதான். சாப்பாட்டுக்குப் பிறகு வரப்போகும் மொத்த வியாபாரிக்குக் காரணமும் வேண்டுமாம். அவர் இந்த நிரலை வாங்காவிட்டால் இந்தத் தாஷ்கந்து ஆபீசுக்குப் பூட்டுதான், அவளுக்கும் வேலை போய்விடும்.

"நடு அடுக்குல எட்டிப் பாக்கலாம் அண்ணே. படம் உள்ள போயி பதிலா வெளிய வர்ற வழியில, அது எதைக் கவனிக்குதுன்னு அங்க தெரியும்."

பதிலுக்குச் சற்று முன்னால் இருந்த அடுக்கைத் திறந்தாள். திரை முழுக்க எண்கள் கொட்டின.

"இத வச்சு நான் என்ன, பிலாவ் சோறு கிண்டுறதா?"

இன்னும் உள்ளே போய், நடு அடுக்கின் எண்களை வெளிச்சமாக்கி, படத்தின் மேலேயே போர்த்தினாள். பழத்தை மார்போடு அணைத்து நிற்கும் கடைக்காரன். பழம் இருட்டில் கிடந்தது. அவன் முகம் மட்டும் ஜெகஜ்ஜோதியாக இருந்தது. அடுத்த படத்திலும் அதே கதை.

"பழம் பாக்கச் சொன்னா இது மாப்பிள்ளை பாக்குதே," என்றார் ரவ்ஷன்.

மொஹிரா எல்லாப் படத்திலும் தலையை வெட்டினாள். வெளிச்சம் இறங்கிவந்து விரல்களில் உட்கார்ந்தது. விரல்களையும் வெட்டினாள். இப்போது எதைக் காட்டினாலும் இனிக்காது என்றது. ரவ்ஷன் வாய் நிறையத் தின்றுகொண்டிருந்த பழத்தின் படமும் அதில் இருந்தது. அதுவும் இனிக்காதாம்.

"நல்லா இருந்ததக் கெடுத்துட்ட," என்று அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். "உனக்கு வேலை தெரியலன்னு அந்த வியாபாரிகிட்ட நீயே சொல்லிடு."

மொஹிரா போனை எடுத்தாள். "எர்காஷ் அண்ணனையே கேட்டுடுறேன்," என்றாள்.

பஜாரில் பழம் பார்ப்பதில் எர்காஷை மிஞ்ச ஆள் கிடையாது. ஒவ்வொரு பழத்தையும் அறுத்து ருசி பார்த்தால் கட்டுப்படியாகாது என்று, எல்லாப் பழத்துக்கும் இனிக்கும், இனிக்காது என்று அவரை வைத்துத்தான் எழுதி வாங்கியிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் வலையும் கற்றுக்கொண்டது.

அவர் வந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தலையும் விரலும் இல்லாத படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு திரையைத் தள்ளி வைத்தார்.

"ஏம்மா, தலைய வெட்டிட்டுக் கேட்டா எப்படி? தோலுக்குள்ள இருக்கிறது எனக்கென்ன தெரியும், நான் விக்கிறவன் மூஞ்சியப் பாத்துத்தான எழுதுனேன்."