யாரும் இல்லாத குன்று

போர்ட் மோர்ஸ்பியின் வடக்கு ஓரத்தில் உள்ள வாகிமோ குன்று காலி நிலம் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தக் குன்றுக்காக இரண்டு நிறுவனங்கள் ஒன்பது ஆண்டுகள் சண்டை போட்டன. எல்லாவற்றிலும் முரண்பட்ட அவை, அங்கே யாரும் இல்லை என்பதில் மட்டும் ஒத்துப்போயின. இரு தரப்பும் ஒப்புக்கொண்டதை நீதிமன்றம் விசாரிக்கத் தேவையில்லை. விசாரிக்கவும் இல்லை.

இந்த விவரம் குன்றின் அறுபத்தொரு குடும்பங்களுக்கும், இரண்டு தேவாலயங்களுக்கும், கணக்கில் அடங்காத பன்றிகளுக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வழக்கில் வென்ற நிறுவனத்தின் புல்டோசர் வந்து நின்றபோதுதான் தெரிந்தது.

வேனா வாசலில் பாக்கைக் கூறு கூறாக வைத்துக்கொண்டிருந்தாள். சிம்பு மலையிலிருந்து இந்தக் குன்றுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது அவளுக்கு. புல்டோசர் ஓட்டுநர் அவளிடமே பாக்கும் சுண்ணாம்பும் வாங்கி வாயில் அடக்கிக்கொண்டான். கூட வந்த போலீஸ்காரர் தீர்ப்பை வாசித்தார்.

"இங்க யாரும் இல்லைன்னு போட்டிருக்கு. அதனால எல்லாரும் கொஞ்சம் நகருங்க."

"யாரும் இல்லேன்னா யாரை நகரச் சொல்றீங்க?"

போலீஸ்காரர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் எதுவும் எழுதியிருக்கவில்லை. வந்ததற்கு அடையாளமாக வேனாவின் சமையல் குடிசையை மட்டும் இடிக்கச் செய்துவிட்டு, மற்றதற்குப் பத்து நாள் கெடு கொடுத்துப் போனார்.

அன்று முதல் வேனாவின் சர்க்கரைவள்ளிக்கிழங்கு பக்கத்து வீட்டு செவெசேயின் அடுப்பில் வெந்தது. செவெசே கெரேமாக்காரர், ஓய்வுபெற்ற தச்சர், பேச்சில் கஞ்சர். மறுநாள் அவளோடு நீதிமன்றத்துக்கும் அவரே துணைக்குப் போனார்.

"வழக்குல நீங்க வாதியா, பிரதிவாதியா?" என்றான் குமாஸ்தா.

"குடியிருக்கிறவ."

"படிவத்துல அப்படி ஒரு கட்டம் இல்லையே."

"அப்ப இந்தத் தீர்ப்பு எங்களைக் கட்டுப்படுத்தாதுதானே?"

"உங்களைக் கட்டுப்படுத்தாது அக்கா. உங்க வீட்டைத்தான் கட்டுப்படுத்தும்."

"மேல்முறையீடு பண்றேன்."

"அது கட்சிக்காரங்களுக்கு. அதுவும் நாற்பது நாளுக்குள்ள. இப்ப அறுபது ஆச்சே, ஏன் லேட்டு?"

"எங்ககிட்ட யாரும் சொல்லலையே!"

"கட்சிக்காரங்களுக்குத்தானே சொல்லுவாங்க."

செவெசே அன்றைக்குப் பேசிய ஒரே வாக்கியத்தை அப்போது பேசினார்: "தம்பி, வழக்குக்குள்ள விடப்படாதவங்களுக்கு மறுஆய்வு மனுன்னு ஒண்ணு இருக்காமே."

குமாஸ்தா வருத்தத்தோடு இழுப்பறையைத் திறந்து படிவத்தை எடுத்தான். கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது விதி. அதுவரை கேட்டவர் யாருமில்லை.

பத்தாம் நாள் தடையுத்தரவு கிடைத்தது. பிறகு மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து விசாரித்தார்கள்.

"இவர்கள் அங்கே இருப்பதாக ஒப்புக்கொண்டால், முந்தைய தீர்ப்பை அவமதித்ததாகிவிடும், கனம் நீதிபதி அவர்களே," என்றார் வென்ற நிறுவனத்தின் வக்கீல்.

"வழக்கு நடப்பதை இவர்களுக்கு ஏன் தெரிவிக்கவில்லை?"

"காலி நிலத்துக்கு முகவரி கிடையாது, ஐயா."

"இடிக்கப்போவதை?"

"அதை முறைப்படி நேரில் தெரிவித்தோம்."

"யாரிடம்?"

வக்கீல் தண்ணீர் குடித்தார். இன்னொரு தம்ளரும் குடித்தார்.

பழைய தீர்ப்பு ரத்தானது. குடியிருப்போரையும் சேர்த்து வழக்கைப் புதிதாக விசாரிக்க வேண்டும், பெயர்ப் பட்டியலை வேனா வெள்ளிக்கிழமைக்குள் தர வேண்டும் என்று உத்தரவாயிற்று. குன்றில் அன்று பன்றி அடித்து, கல் சூட்டில் வேகவைத்து, ஆட்டம் பாட்டம்.

மறுநாளே வேனா 'தலைவர், குடியிருப்போர் குழு' என்று ரப்பர் முத்திரை செய்துகொண்டாள். தேவாலயத்தில் மேசை போட்டாள். மேசை போட்டதும் வரிசை வந்தது. வரிசை வந்ததும் விதி வந்தது. நேரில் வந்து கையெழுத்துப் போடாதவர் பெயர் ஏறாது. இல்லாவிட்டால் கண்டவனெல்லாம் பெயர் கொடுத்துவிடுவான் என்று வரிசையில் நின்ற அனைவரும் சொன்னார்கள். வேனாவுக்கும் அது நியாயமாகவே பட்டது.

அந்த வாரம் செவெசே தம்பியின் சாவுக்குக் கெரேமா போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை திரும்பினார்.

"என் பேரைக் காணோமே, தங்கச்சி?"

"பட்டியல் வெள்ளிக்கிழமையே போயிடுச்சு அண்ணே."

"உன் சட்டி இன்னும் என் அடுப்புலதான் இருக்கு."

"அதை யாரு இல்லேன்னா? மனசு கேக்கத்தான் இல்லை. ஆனா உங்க ஒருத்தருக்காகத் திறந்தா, ஊரே உள்ள வந்துடும். நீங்க தனியா மறுஆய்வு மனு போடுங்க. படிவம் என்கிட்டயே இருக்கு."

வேனா எழுந்து உள்ளே போய் எடுத்துவந்தாள். எங்கெங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று பொறுமையாகக் காட்டியும் கொடுத்தாள்.

செவெசே போட்டார். அவர் மனுவை ஏற்கக் கூடாது என்று நிறுவனம் முதல் எதிர்மனுவைத் தாக்கல் செய்தது. இரண்டாவது எதிர்மனுவில் அறுபது குடும்பங்களின் கையெழுத்தும், அவற்றின் மேல் கோணாமல் குத்திய வேனாவின் முத்திரையும் இருந்தன.