அழியாத ஆகஸ்ட்

"அழிக்கறதுக்கு அனுமதி வேணுமாமா! ஆருகிட்டக் கேக்கறது? அதையுஞ் சொல்ல மாட்டீங்குது!" அன்புச்செல்வி மேசையை ஓங்கித் தட்டினாள்.

கம்ப்யூட்டர் லேபில் அவளையும் கணக்கு டீச்சர் கலைமணியையும் தவிர யாருமில்லை. எடப்பாடியை ஒட்டிய அந்தத் தனியார் பள்ளியில் அன்று சாயந்தரம் ஆண்டு விழா. வீடியோக்காரர் குருமூர்த்தி, அந்த வருடம் பள்ளியில் எடுத்த வீடியோக்களை எல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக் கொடுத்திருந்தார். கம்ப்யூட்டர் டீச்சரான அன்புச்செல்வி சரிபார்த்துத் தர வேண்டும். சாயந்தரம் பெரிய திரையில் எல்லாம் வரிசையாக ஓடும்.

அதில் 'ஆகஸ்ட் 15' என்றொரு ஃபைல். அதன் சின்னப் படத்தில், கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில், அன்புச்செல்வி விரலை நீட்டிக்கொண்டு நின்றாள்.

அவள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அன்று பேசிய ஒவ்வொரு வார்த்தையும் நினைவிருந்தது. கேமரா ஓடுவது தெரியாமல் கலைமணியிடம் பொரிந்து தள்ளியிருந்தாள்: "கரஸ்பாண்டண்ட் ஊட்டு நீச்சல் குளத்துல ததும்பத் ததும்பத் தண்ணி. நம்ம பொண்ணுங்க பாத்ரூமுல கை கழுவப் பொட்டுத் தண்ணி இல்ல. இந்த லட்சணத்துல கொடியேத்தி முட்டாய் வேற!"

பள்ளியின் முதலாளியான அந்தக் கரஸ்பாண்டண்ட் மயில்சாமிதான் இன்று முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கப் போகிறவர்.

"டிஸ்க்கு கெட்டுப்போச்சுன்னு சொல்லிப்போடலாங்க்கா," என்றாள் கலைமணி.

"நானா? ஊருப் புள்ளைங்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் சொல்லித் தர்றவ, ஒத்த ஃபைலுக்குப் பயந்துட்டுப் பொய் சொல்லோணுமா? மவுசுல போகலீன்னா கட்டளை போட்டு அழிக்கறேன். நீ பாரு."

கறுப்புத் திரை திறந்தது. அனுமதிதானே கேட்கிறது? டிஸ்க்கில் உள்ள அத்தனைக்கும் தன்னையே உரிமையாளராக்கும் கட்டளையை அடித்தாள். வேலை கச்சிதமாக முடிந்தது.

கலைமணி எட்டிப் பார்த்தாள். "என்னங்க்கா, உரிமையாளர்னு உங்க பேரு வருது? வில்லங்கம் பூராத்தையும் உங்க பேருக்கே பட்டா மாத்திக்கிட்டீங்களா?"

"சும்மா இரு. இப்ப அழிஞ்சுபோகும்."

அழிக்கும் கட்டளையை அடித்தாள். 'அப்படி ஒரு ஃபைலே இல்லை' என்றது திரை.

"கண்ணு முன்னாடி நிக்குது, இல்லைங்குதே!"

பெயரின் கடைசியில் குருமூர்த்தி கைதவறி ஓர் இடைவெளியைத் தட்டியிருந்தார். கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளிதான் கம்ப்யூட்டரைக் குழப்பிக்கொண்டிருந்தது. அன்புச்செல்விக்கு அது தோன்றவில்லை. டிஸ்க்கில் பழுதென்று நினைத்து, பழுது பார்க்கும் கட்டளையைக் கொடுத்தாள். அது பொறுமையாகத் துழாவி, எப்போதோ அழித்த ஃபைல்களின் துண்டுகளைத் தேடி எடுத்து ஒரு புது ஃபோல்டரில் அடுக்கிவைத்தது.

"கழிக்கச் சொன்னா இது கூட்டுதுங்க்கா," என்றாள் கணக்கு டீச்சர்.

அன்புச்செல்விக்குக் காது சூடாகிவிட்டது. "இனி ஒவ்வொண்ணாக் கெஞ்சறதெல்லாங் கிடையாது. ஆகஸ்ட் மாச ஃபோல்டரையே அடியோட தூக்கறேன்."

ஆவேசத்தில் அடித்ததில் மாதத்தின் பெயருக்குப் பதிலாக, எல்லா மாதங்களும் அடங்கிய வருட ஃபோல்டரின் பெயர் விழுந்துவிட்டது. எண்டரைத் தட்டினாள். எல்.கே.ஜி. மயிலாட்டம், சிலம்பம், விளையாட்டு விழா, சாக்கு ஓட்டம் எல்லாம் போயின. குப்பைத் தொட்டியில்கூட மிச்சமில்லை.

அந்த ஃபோல்டரில் தப்பியது, பெயரில் இடைவெளி ஒட்டியிருந்த ஒரே ஒரு ஃபைல்தான். விரலை நீட்டிக்கொண்டு நின்றது.

கலைமணி வாயைப் பொத்திக்கொண்டாள். மயிலாட்டம் ஆடிய குழந்தைகளின் அம்மாக்கள் இந்நேரம் சேலை மடிப்பு எடுத்துக்கொண்டிருப்பார்கள். அன்புச்செல்வி குருமூர்த்திக்குப் போன் போட்டு, எல்லாம் அழிந்துபோனதைச் சொன்னாள்.

"அட, அதுக்கென்னுங்க டீச்சர்! ஒரிஜினல் பூராவும் எங்கிட்ட இருக்குதுங்க. இதா கொண்டுட்டு வாரேன். அதையே நேரா மாட்டி, ஒண்ணு உடாம ஓட்டிப்போடறேனுங்க!"

ஒன்று விடாமல்.

போனை வைத்தாள். அந்த ஒன்றை மட்டும் விடச் சொன்னால் ஏனென்று கேட்பார், அதற்கும் ஒரு பொய் சொல்ல வேண்டும். எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"எங்கீங்க்கா போறீங்க?"

"வரவேற்புரை நாந்தானே? கரஸ்பாண்டண்ட் காதுல எப்படியும் உழத்தான் போகுது. திருட்டுத்தனமா எடுத்த வீடியோவுல எதுக்கு உழோணும்? என் வாயாலயே உழுகட்டும்."

"வேலை போயிருமுங்க்கா!"

"போனாப் போகுது. நான் சொன்னதுல பொய் எது? சொல்லு பாக்கலாம்."

கலைமணி லேபைப் பூட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

மைதானம் நிறைந்திருந்தது. மேடையேறிய அன்புச்செல்வி கையிலிருந்த வரவேற்புரைத் தாளை மடித்துவைத்தாள். "எல்லாருக்கும் வணக்கமுங்க. இன்னுங் கொஞ்ச நேரத்துல இந்தத் திரையில நான் ஒண்ணு பேசறதக் கேப்பீங்க. அத இப்பவே நேருல சொல்லிப்போடறேன்."

சொன்னாள். நீச்சல் குளம், பொட்டுத் தண்ணி, முட்டாய் எதையும் விடவில்லை. மயில்சாமியின் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

நடுவரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். "டீச்சர் சொல்றது நெசமுங்க. பாத்ரூம் போகோணுமேன்னு எம்புள்ள நாள் பூராத் தண்ணியே குடிக்கறதில்லீங்க."

"எம்புள்ளயுந்தானுங்க!" என்றது இன்னொரு குரல். பின்வரிசையில் யாரோ கைதட்ட, அது முன்வரிசைவரை பரவியது.

மயில்சாமி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மேடையேறினார். டீச்சரை ஒரு முறை முறைத்தார். கூட்டத்தைப் பார்த்ததும் முறைப்பு இளகியது. "திங்கக்கெழம மோட்டார் வந்துருமுங்க," என்றார் மைக்கில். "பெத்தவங்களே வந்து கொழாயைத் தொறந்து பாத்துக்கலாம்."

அன்புச்செல்வி மேடையிலிருந்து இறங்கினாள். திரைக்குப் பக்கத்தில் குருமூர்த்தி அவளையே வியப்பாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆகஸ்டு பதினஞ்சு வீடியோதானுங்க மொதல்ல. ஓட்டட்டுங்களா டீச்சர்?"

"தாராளமா ஓட்டுங்க. சத்தத்த நல்லா வெச்சு ஓட்டுங்க!"

குருமூர்த்தி தலையைச் சொறிந்தார். "அன்னைக்குக் கேமரா மைக்கு வேலை செய்யலீங்க டீச்சர், நீங்க வெரலை நீட்டிப் பேசற தோரணையப் பாத்து, வெள்ளைக்காரனத்தான் திட்டறீங்கன்னு தேசபக்திப் பாட்டுப் போட்டு வெச்சிருக்கேனுங்க!"