நாற்பத்தேழாம் எண்ணுக்கு ஆலோசனை

மனித குலத்தின் துயரங்கள் ஒருவழியாக முடிவுக்கு வரவிருந்தன. மனநல ஆலோசகர், எங்கோ தொலைவில் தன் வீட்டிலிருந்தே கணினி வழியாக வேலை பார்க்கும் ஓர் உதவியாளரை அமர்த்திவிட்டார். இனி தொலைபேசி, கடிதம், நேர ஒதுக்கீடு எல்லாம் அவள் பாடு. பிறர் சொல்வதைக் ‘காது கொடுத்துக் கேட்பது’ ஒன்றே அவருடைய திருப்பணி.

உதவியாளர் படு கெட்டிக்காரி. முதல் வாரமே ‘ரகசியக் காப்பு முறை’யை அமலுக்குக் கொண்டுவந்தாள். வருகிறவர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். குறையை எழுதி அனுப்ப வேண்டும். ஊர், தொழில் முதலிய அடையாளங்களை அவள் நீக்கித் தருவாள். ஆலோசகர் எழுத்திலேயே பதில் தருவார்.

இதற்கிடையில் ஆலோசகரின் மனைவிக்கு வெளியூர்ப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியை வேலை கிடைத்திருந்தது. சம்மதம் சொல்ல வெள்ளிக்கிழமை கடைசி நாள். இரண்டு வாரமாக அவரிடம் பேசப் பார்த்தாள்.

“ஏங்க, ஒரு விஷயம் சொல்லணும்.”

“உதவியாளர்கிட்ட சொல்லும்மா, நேரம் ஒதுக்குவாங்க,” என்றார் அவர், ‘கேட்கும் கலை’ என்ற தம் சொற்பொழிவைத் திருத்தியபடி.

அவளும் உதவியாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். “குடும்பத்துக்குத் தனி வரிசை ஏதாவது இருக்கா?”

“சார் அப்படி எதுவும் சொல்லலைங்க மேடம். நாற்பத்தேழாம் எண் தர்றேன். விவரமா எழுதி அனுப்புங்க.”

விவரமாகவே எழுதினாள். படித்த ஆலோசகர் கண்கலங்கிவிட்டார்.

“என்ன மனுஷன் இவன்?” என்று உதவியாளரிடம் பொருமினார். “கட்டின பொண்டாட்டி, வேலை கிடைச்சிருக்குன்னு சொல்ல வர்றா. அதைக் கேக்க நேரமில்லையாம். இந்த மாதிரி ஆளுங்களைத் திருத்தவே முடியாது.”

“அதையும் பதில்ல சேத்துக்கவா சார்?”

“தாராளமா. அவனுக்காகக் காத்துக்கிட்டு இருக்க வேணாம், உடனே போய் வேலையில சேரச் சொல்லுங்க.”

வெள்ளிக்கிழமை மாலை வீடு திரும்பினார். அலமாரியில் பாதி காலி. மனைவி தொலைபேசியை எடுக்கவில்லை. உதவியாளரைக் கூப்பிட்டார்.

“என் மனைவி உங்ககிட்ட ஏதாவது பேசினாங்களா?”

“பேசினாங்களே சார். அவங்கதான் நாற்பத்தேழாம் எண். உங்க பதில் கிடைச்சதும் கிளம்பிட்டாங்க. நம்மைப் பத்திக் கருத்துகூட எழுதியிருக்காங்க. அஞ்சு நட்சத்திரம்.”

“என்ன எழுதியிருக்கா?”

உதவியாளர் பெருமையோடு வாசித்தாள்: “அருமையான ஆலோசகர். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில், நான் சொன்னதை இவர் முழுசாகக் கேட்டது இதுதான் முதல் தடவை.”